ரப்பர் காலுக்கு அடியில் இரண்டு திருகுகள்

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, 2025 அக்டோபர் 18 சனிக்கிழமை காலை, மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் வந்திறங்கி ஸ்ரீரங்கத்தில் அத்தை வீட்டுப் படியேறினேன். காபிக்கு முன்பே அத்தை என் கையில் ஒரு ரசீதைக் கொடுத்தார். ஆய்வுக் கட்டணம் 500 ரூபாய், 18 சதவீத ஜி.எஸ்.டி. 90 ரூபாய், ஆக 590. கீழே கையால் எழுதிய மூன்று வரிகள்: மதர்போர்டு பழுது. மாற்ற 18,500 ரூபாய். புதிய லேப்டாப் வாங்குவது நல்லது.

"போனது எது என்று நீ பார்த்துச் சொல், பாப்பா. அவர்கள் சொன்னதை நான் நம்பவில்லை" என்றார் அத்தை.

அத்தை தொலைபேசி நிலையத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்துக் கொடுக்கும் டிரங்க் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுத் தொகை வந்த 2014ஆம் ஆண்டின் கடைசியில் இந்த லேப்டாப்பை வாங்கினார். கச்சேரிப் பதிவுகள் கேட்பதும், பழைய படங்கள் பார்ப்பதும், சமையல் குறிப்புகளைத் தமிழில் தட்டச்சு செய்து சேர்த்துவைப்பதும் இதில்தான். போன கோடையிலிருந்தே அது நிலையாக இல்லை. இயங்கத் தொடங்க ஆறேழு நிமிடம் ஆகும். படம் பார்க்கும்போது சூடேறித் தானாக அணைந்துவிடும். செப்டம்பரில் ஒரு நாள் திரையில் புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன, உள்ளே போகவில்லை. அதன் பிறகுதான் பக்கத்திலிருந்த சேவை மையத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார்.

நான் கணினி பற்றி எழுதிப் பிழைப்பவள். பத்திரிகையில் வாசகர் கேள்விகளுக்கு வாரந்தோறும் பதில் எழுதுகிறேன். 'என் கணினி மெதுவாக இருக்கிறது, எட்டு வருடம் ஆகிறது' என்று கடிதம் வந்தால், 'வயதாகிவிட்டது, புதிது வாங்கிவிடுங்கள்' என்று எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அந்த ரசீதைப் படித்தபோது என் சொந்த வாக்கியத்தையே படித்த மாதிரி இருந்தது. பொருளைக் கையில் எடுத்துப் பார்க்காமல் சொல்லும் அந்த வாக்கியம் ஒரு குடும்பத்துக்கு நாற்பதாயிரம் ரூபாய்ச் செலவு. அதனால்தான் இந்தப் பழுதுபார்ப்பை ஒன்று விடாமல் எழுதிவைக்கிறேன்.

சேவை மையத்துக்காரர் அத்தையிடம் சொன்னதில் உண்மையும் ஒன்று இருந்தது. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், இன்டெல்லின் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் இந்த லேப்டாப்பில் கிடையாது. இதில் இருப்பது நான்காம் தலைமுறை ஐ5. அதனால் 'புதிய விண்டோஸ் இதில் ஏறாது' என்று அவர் சொன்னது சரி. ஆனால் விண்டோஸ் ஏறாததற்கும், கணினியின் பாகங்களையெல்லாம் இணைக்கும் மதர்போர்டின் பழுதுக்கும் என்ன தொடர்பு? ஒரு மெய்யை முன்னால் நிறுத்தி, அதன் நிழலில் மெய்யல்லாத ஒன்றையும் ரசீதில் எழுதிவிட்டார்கள். நுகர்வோர் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

அத்தை தொலைபேசியில் சொன்ன அறிகுறிகளை வைத்து ஹார்ட் டிஸ்க்தான் காரணமாக இருக்கும் என்று ஊகித்து, சென்னையிலிருந்து கிளம்பும் முன் கணினிப் பாகங்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய்வந்தேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுற்றும் தட்டில்லாத சேமிப்பகமான 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்று 2,150 ரூபாய். தற்காலிக நினைவகமான ராம், பழைய 4 ஜி.பி. ஒன்று, 900. பிராசஸரின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் 250. ராம் விற்ற தம்பி, "அக்கா, டிடிஆர்3 என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், கடைசியில் எல் எழுத்து இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்லி, கடையிலிருந்த ஒரு லேப்டாப்பில் செருகி ஓட்டிக் காட்டியே கொடுத்தார். அந்த எல் எழுத்து முக்கியம். சாதாரண டிடிஆர்3 ராம் 1.5 வோல்ட்டில் ஓடுவது. எல் வகை 1.35 வோல்ட்டில் ஓடும். மின்சாரம் குறைவாகச் செலவழிக்கும் இந்த வகைப் பிராசஸருக்கு எல் வகைதான் வேண்டும்.

காபி குடித்து முடித்துவிட்டு லேப்டாப்பை மேசைமேல் வைத்தேன். ஆன் செய்யப் போன விரல் பாதியில் நின்றது. டச்பேட் மட்டமாக இல்லை. ஒரு பக்கம் மேடாகத் தூக்கிக்கொண்டிருந்தது. அழுத்தினால் கிளிக் ஆகவில்லை. லேப்டாப்பைத் தட்டையான மேசையில் வைத்து ஒரு மூலையைத் தட்டினால் ஆடியது. உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை. இந்த மாதிரி மெலிதான லேப்டாப்புகளில் பேட்டரி பை வடிவில் உள்ளேயே இருக்கும். வயதும் சூடும் சேர்ந்து, உள்ளிருக்கும் வேதிப்பொருள் சிதைந்து வாயுவாகும். வாயு வெளியேற வழியில்லாமல் பை உப்பும். குத்தினாலோ மடக்கினாலோ தீப்பிடிக்கலாம். சேவை மையம் இந்த லேப்டாப்பை நான்கு நாள் வைத்திருந்தது. திருப்பிக் கொடுத்தபோது இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. 590 ரூபாயைவிட எனக்கு ஆறாதது இதுதான்.

ஆகவே ஆன் செய்யவில்லை. அடாப்டரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பைக் கவிழ்த்து வைத்தேன். அடிமூடியில் கண்ணுக்குத் தெரிந்தவை ஒன்பது திருகுகள். ஒன்பதையும் கழற்றிய பிறகும் மூடி அசையவில்லை. இதே மாடலைப் பிரித்துக் காட்டும் வீடியோ ஒன்றைப் பார்த்தபோது விடை கிடைத்தது: பின்பக்க ரப்பர் கால்கள் இரண்டுக்கும் அடியில் ஆளுக்கொரு திருகு ஒளிந்திருக்கிறது.

ரப்பர் கால் ஒன்றை நகத்தால் நெம்பினேன். வரவில்லை. ஹேர் டிரையரைக் கொஞ்ச நேரம் காட்டியபின் மெல்ல உரிந்து வந்தது. அடியில் தொழிற்சாலையில் தடவிய பசை இடைவெளியில்லாமல், பளபளப்பு மாறாமல் இருந்தது. ரப்பரின் விளிம்பைச் சுற்றிப் பதினோரு வருடத்துத் தூசி கறுப்புக் கோடாகப் படிந்திருந்தது. அந்தக் கோடு எங்குமே உடைந்திருக்கவில்லை. அடுத்த காலும் அப்படியே. இந்த இரண்டு கால்களையும் உரிக்காமல் இந்த லேப்டாப்பைத் திறக்க வழியே கிடையாது. ஆய்வுக் கட்டணம் வாங்கியவர்கள் இதைத் திறந்தே பார்க்கவில்லை.

அத்தையைக் கூப்பிட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து நிதானமாகப் பார்த்தார். "டிரங்க் போர்டில் ஒரு கார்டு இரைந்தால் அந்தக் கார்டைக் கழற்றி வேறு கார்டு போடுவோம். போர்டையே மாற்று என்று எந்த மெக்கானிக்கும் எழுதமாட்டான். எந்தக் கார்டு என்று பார்ப்பதுதானே அவன் வேலை" என்றார். பிறகு, "இதை அப்படியே போட்டோ எடு" என்றார். பசை, தூசிக் கோடு, பக்கத்தில் ரசீது என்று நான்கைந்து படங்கள் எடுத்துவைத்தேன்.

திருகுகளை எதில் போடுவது என்று தேடினேன். அத்தை சமையலறையிலிருந்து பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். லேப்டாப்பைப் பிரிப்பவர்கள் எல்லோருக்கும் இதைச் சொல்வேன். திருகுகள் பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் நீளம் வேறு வேறு. குட்டைத் திருகு இருந்த இடத்தில் நெட்டைத் திருகைப் போட்டு இறுக்கினால் அதன் முனை உள்ளே போர்டைக் கீறிவிடும். ஓரத்துத் திருகுகள் ஒரு கிண்ணத்தில், நடுவில் இருந்தவை ஒன்றில், ரப்பர் காலடித் திருகுகள் ஒன்றில் என்று பிரித்துப் போட்டோம். கடுகு இருந்த கிண்ணத்தில் ஹார்ட் டிஸ்க் திருகுகள்.

பழைய ஏ.டி.எம். அட்டை ஒன்றை விளிம்பில் செருகி, கீல் பக்கத்திலிருந்து தொடங்கிச் சுற்றி நெம்பியதும் மூடி கையோடு வந்தது. உள்ளே பேட்டரியின் மூன்று பைகளில் நடுவிலிருந்தது தலையணை மாதிரி உப்பியிருந்தது. முதலில் பேட்டரி இணைப்பைப் பிடுங்கினேன், பிறகு அதன் திருகுகள். இந்த இடத்தில் மட்டும் உலோகக் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. நகமும் பிளாஸ்டிக் அட்டையும் போதும். பேட்டரி பசையால் ஒட்டப்படாமல் திருகில் நின்றது என் நல்ல காலம். ஒட்டியிருந்தால் நான் தொட்டிருக்கமாட்டேன், தெரிந்தவரிடம் கொடுத்திருப்பேன்.

வெளியே எடுத்த பேட்டரியை எங்கே வைப்பது? தெருவெல்லாம் சரவெடி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மத்தாப்புப் பெட்டியோடு வாசலிலேயே இருந்தார்கள். கொல்லைப்புறத்தில் தகரக் கூரைக்குக் கீழே, காய்ந்த மணல் நிரப்பிய மண்தொட்டியில் புதைத்து வைத்தோம். பண்டிகை முடிந்ததும் மின்கழிவு எடுத்துக்கொள்ளும் அனுமதி பெற்ற இடத்தில் அத்தையே கொடுத்துவிட்டார். இதைக் குப்பைத் தொட்டியில் போட்டால் துப்புரவுத் தொழிலாளி ஒருவரின் வண்டியில்தான் தீப்பிடிக்கும்.

அடுத்தது விசிறி. தானாக அணைந்ததற்குக் காரணம் இங்கேதான் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியிருந்தது. விசிறியின் மேல் தகட்டைக் கழற்றினேன். விசிறிக்கும், சூட்டை வெளியேற்றும் செம்புத் தகடுகளுக்கும் நடுவில் ஒரு சாம்பல் நிறப் பஞ்சுப் பட்டை, கம்பளித் துண்டு போல அழுத்தமாகப் படிந்திருந்தது. இடுக்கியால் ஒரு முனையைப் பிடித்து இழுத்தேன். முழுதாக, ஒரே துண்டாக வந்தது. விரல் நீளம். பதினோரு வருடக் காற்றை வடிகட்டிச் சேர்ந்த தூசு அது. விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, காற்று போக வழிதான் இல்லை. மிச்சத்தை ஊதுகருவியால் ஊதியபோது விசிறி இறக்கையைப் பல்குத்தும் குச்சியால் நகராமல் பிடித்துக்கொண்டேன்; ஊதும் வேகத்தில் விசிறி சுழல விட்டால் அது டைனமோ மாதிரி மின்சாரம் உண்டாக்கும், பேரிங்கும் கெடும்.

சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயைத் தூக்கியதும் பிராசஸர் தெரிந்தது. ஒரே பச்சைத் தகட்டில் பெரியதும் சிறியதுமாக இரண்டு சில்லுகள். அவற்றின் மேலிருந்த பழைய பேஸ்ட், முதல் நாள் சந்தனம் தட்டில் காய்ந்த மாதிரி, வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் கண்ணாடி போல மின்னும்வரை துடைத்தேன். புதிய பேஸ்ட் பெரிய சில்லில் ஒரு பச்சைப்பயறு அளவு, சின்னதில் அதில் பாதி. நிறைய வைத்தால் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். பேஸ்ட்டின் வேலை சில்லுக்கும் செம்புக்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளை நிரப்புவது மட்டுமே. தடித்த பூச்சாக வைத்தால் அதுவே சூட்டுக்குத் தடையாகும்.

இப்போது கேள்விக்கு வருவோம்: மதர்போர்டு பழுதா? இதற்கு ஊகம் தேவையில்லை. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பேட்டரியும் இல்லாமல், அடாப்டர் மின்சாரத்தில் மட்டும், லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவிலிருந்து லேப்டாப்பை இயக்கினால் போதும். போர்டில் பழுதிருந்தால் இதுவும் தடுமாறும். நாற்பது விநாடியில் திரை வந்தது. ராம் சோதனையை ஒரு முழுச் சுற்று ஓடவிட்டேன், ஒரு பிழையும் இல்லை. வைஃபை, ஒலி, கேமரா, கீபோர்டில் ஒவ்வொரு விசை என்று இரண்டு மணி நேரம் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. அத்தை என் முகத்தைப் பார்த்தார். "மதர்போர்டு நன்றாக இருக்கிறது அத்தை" என்றேன். "அது எனக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டு, ரிப்பன் பக்கோடாவுக்கு மாவு பிசையப் போனார்.

ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி அதன் உடல்நலக் குறிப்பைப் படித்தபோது நிலைமை புரிந்தது. ஒவ்வொரு டிஸ்க்கும் தன் கோளாறுகளைத் தானே எண்ணிக் குறித்துக்கொண்டு வரும். படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் பகுதிகளின் எண்ணிக்கை ஒரு நல்ல டிஸ்க்கில் பூஜ்யமாக இருக்க வேண்டும், இதில் 312. நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் டிஸ்க் இது, அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. ஒரு பகுதியைப் படிக்க முடியாவிட்டால் அடுத்த சுற்றுவரை காத்திருந்து மறுபடி முயலும், மறுபடியும் முயலும். விண்டோஸ் தொடங்கும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளைத் தேடுகிறது. நடுவில் இப்படிப் பல இடம் இருந்தால் போதும், ஆறேழு நிமிடம் எங்கே போனது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

சாகும் நிலையிலிருக்கும் டிஸ்க்கிலிருந்து கோப்புகளை ஒவ்வொன்றாகக் காப்பி செய்யக் கூடாது. கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டு அங்கேயே அரைத்துக்கொண்டிருக்கும், அதற்குள் நல்ல இடங்களும் போய்விடலாம். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரல் இதைப் புத்திசாலித்தனமாகச் செய்கிறது. முதல் சுற்றில் எளிதாகப் படிக்க முடிந்ததையெல்லாம் எடுத்துவிடும். அடம்பிடிக்கும் இடங்களைக் குறித்துவைத்துக்கொண்டு தாண்டிப் போகும். பிறகுதான் அவற்றுக்குத் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்பதை வரைபடக் கோப்பு ஒன்றில் எழுதிக்கொண்டே போவது அதன் சிறப்பு. நான் கொண்டுபோயிருந்த 1 டி.பி. வெளி டிஸ்க்கில் நகலையும் அந்த வரைபடத்தையும் சேர்த்தே வைத்தேன். பென் டிரைவிலிருந்து ஓடும் லினக்ஸில் சேமிப்பதெல்லாம் ராமில்தான் இருக்கும், அணைந்தால் போய்விடும். வரைபடத்தை அங்கே வைப்பவர்கள் பிறகு தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

மாலை 4 மணிக்குத் தொடங்கினேன். 7.20க்கு மின்சாரம் போனது. வீட்டு இன்வெர்ட்டர் விளக்குக்கும் மின்விசிறிக்கும் மட்டும்தான். அந்த அறையின் பிளக்குக்கு இணைப்பு இல்லை. லேப்டாப்பில் பேட்டரியும் இல்லை. திரை இருண்டது. அரை மணி கழித்து மின்சாரம் வந்ததும் அதே கட்டளையைத் திரும்பக் கொடுத்தேன். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. இரவு 11 மணிக்கு முதல் சுற்று முடிந்தது. அடம்பிடித்த இடங்களைச் சுரண்டியெடுக்கும் வேலையை விடியும்வரை ஓடவிட்டுத் தூங்கப் போனேன். ஞாயிறு காலை பார்த்தபோது 500 ஜி.பி.யில் மீட்க முடியாதது வெறும் 88 கிலோபைட்.

அந்த 88 கிலோபைட்டில் என்ன இருந்தது என்று தேடிப் பார்த்தேன். பெரும்பகுதி விண்டோஸின் சொந்தக் கோப்புகள். ஒரே ஒரு பாட்டுக் கோப்பில் ஒரு 4 கிலோபைட் துண்டு. மதுரை மணி ஐயரின் கச்சேரி. அத்தை கேசட்டிலிருந்து கணினிக்கு மாற்றியது. 128 கிலோபிட் வேகத்தில் பதிந்த பாட்டில் 4 கிலோபைட் என்றால் கால் விநாடி. அந்த இடத்தை ஓடவிட்டோம். ஸ்வரம் பாடி வரும்போது ஒரு சொடக்குச் சத்தம், அவ்வளவுதான். அத்தை கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "கேசட்டில் இதைவிட மோசமாக இருந்த இடம் உண்டு" என்றார்.

எஸ்.எஸ்.டி.யை மாட்டுவது பத்து நிமிட வேலை, ராம் செருகுவது இரண்டு நிமிட வேலை. அவற்றைப் பற்றி எழுத எதுவுமில்லை.

எந்த இயங்குதளம் போடுவது என்பதில்தான் யோசித்தேன். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு விண்டோஸ் 10இன் பாதுகாப்புத் திருத்தங்களை 2026 அக்டோபர்வரை நீட்டித்துக்கொள்ளும் திட்டம் ஒன்றை மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. அதில் சேர்ந்தால் ஒரு வருடம் தள்ளிப்போகும். அடுத்த தீபாவளிக்கு இதே கேள்வி திரும்ப வரும். லினக்ஸின் ஒரு வகையான மின்ட் 22 வரிசைக்கு 2029வரை திருத்தங்கள் வரும். அத்தைக்கு வேண்டியவை பிரவுசர், பாட்டு, படம், தமிழ்த் தட்டச்சு, நான்கைந்து கணக்குத் தாள்கள். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றிதழையும் இப்போது செல்போன் செயலியில் முகம் காட்டியே முடித்துவிடுகிறார். மின்ட்தான் என்று முடிவெடுத்தோம். எல்லோருக்கும் இதைச் சொல்லமாட்டேன். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் பயன்படுத்தும் ஆடிட்டரோ, விண்டோஸில் ஓடும் டாலி என்ற கணக்கு மென்பொருள் வைத்திருக்கும் கடைக்காரரோ என்னைக் கேட்டால் என் பதில் வேறாக இருக்கும்.

தமிழ்99 விசைப்பலகையை அமைத்துக் கொடுத்ததும் அத்தை முதலில் தட்டியது 'அக்கா' என்ற சொல்லை. க விசையை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி விழும். ங தட்டிக் க தட்டினால் 'ங்க' என்றாகும். 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டின் வழியாக வந்த ஏற்பாடு இது. தமிழ் எழுத்து எப்படிச் சேர்கிறது என்று தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்தது. விரல் பழகியவர்களுக்கு இதைவிட வேகமான தமிழ்த் தட்டச்சு முறை கிடையாது என்பது என் உறுதியான கருத்து.

சமையல் குறிப்புகளைத் திறந்தபோது முகம் சுருங்கியது. நாற்பத்து மூன்று கோப்புகள், எல்லாவற்றிலும் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. தொலையவில்லை, எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு முந்தைய பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. அந்தக் காலத்து எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இருப்பிடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்தன. எழுத்துரு இல்லையென்றால் உள்ளிருக்கும் ஆங்கிலம் வெளியே தெரியும். பழைய டிஸ்க்கின் நகலிலிருந்து அந்த எழுத்துருக் கோப்பை எடுத்துப் போட்டதும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் தேடினால் கிடைக்காது, செல்போனுக்கு அனுப்பினால் மறுபடி குப்பை.

யூனிகோடுக்கு மாற்ற பைத்தான் என்ற நிரல்மொழியில் அறுபது வரி நிரல் ஒன்று எழுதினேன். எந்தக் குறிக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை எளிது. சிக்கல் கொம்பில் இருந்தது. பழைய எழுத்துருவில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மூன்று துண்டு: கொம்பு, க, கால். யூனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி ஒன்றே ஒன்று. முதல் முறை ஓட்டியபோது 'கொழுக்கட்டை'யில் கொம்பு தனியாக முன்னால் அனாதையாக நின்றது. கொம்பைக் கண்டால் அடுத்த மெய்யை முதலில் எழுது, அதற்கடுத்துக் கால் இருக்கிறதா என்று பார், இருந்தால் இரண்டையும் சேர்த்து ஒரே குறியாக்கு என்று விதி எழுதினேன். அத்தையின் அம்மா சொல்லச் சொல்ல அத்தை எழுதிய நாற்பத்து மூன்று குறிப்புகளும், தீபாவளி லேகியம் உட்பட, இப்போது தேடினால் கிடைக்கின்றன. இந்த இரண்டு நாளில் நான் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்த வேலை இதுதான்.

இனி வீடியோ. சுத்தம் செய்த பிறகும் இணையத்தில் கச்சேரி ஒன்றைப் பார்க்கும்போது விசிறி இரைந்தது. பிராசஸர் சூடு 78 டிகிரி காட்டியது. காரணம் வீடியோ வரும் வடிவம். யூடியூப் பெரும்பாலும் விபி9 என்ற வடிவில் அனுப்புகிறது. இந்தத் தலைமுறை இன்டெல் சில்லில் எச்.264 வடிவத்தைப் பிரிக்கத் தனிச் சுற்று உண்டு, விபி9க்கு அப்படி முழு வசதி இல்லை. எல்லாச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். எச்.264 மட்டும் அனுப்பு என்று கேட்கும் சிறிய துணைநிரல் ஒன்றை ஃபயர்பாக்ஸில் சேர்த்தேன். அதே கச்சேரி, அதே அளவு படம், சூடு 59. விசிறிச் சத்தம் கேட்கவில்லை. பழைய லேப்டாப்பில் படம் திக்குகிறது என்று எழுதும் வாசகர்களில் பலருக்கு இந்த ஒரு மாற்றமே போதும் என்று நினைக்கிறேன்.

அத்தையின் 70 ஜி.பி. பாட்டுகளை விஎல்சி என்ற இலவச பிளேயரில் ஓடவிட்டோம். பாரிஸுக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய திட்டம் அது. எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் பாடும். அத்தை மாதச் சந்தா கட்டி இரண்டு செயலிகளும் வைத்திருக்கிறார். ஒன்றில் போன வருடம்வரை இருந்த பாட்டு இந்த வருடம் சாம்பல் நிறத்தில் கிடக்கிறது, தொட்டால் பாடாது. இன்னொன்றில் சந்தா கட்டிய பிறகும் விளம்பரம் நுழைந்துவிட்டது. பணம் கொடுத்து வாங்கியது என்று நாம் நினைத்திருப்பது வாடகைக்கு எடுத்தது என்று அவர்கள் ஒப்பந்தத்தின் நாற்பதாவது பத்தியில் சொல்லியிருப்பார்கள். சொந்தக் கோப்பாக வைத்திருக்கும் பாட்டை யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் சாகப்போகும் டிஸ்க்கின்மேல் ஓர் இரவு முழுவதும் செலவழிக்க எனக்கு மனம் வந்தது. நகல் ஒன்று எஸ்.எஸ்.டி.யில், ஒன்று வெளி டிஸ்க்கில், ஒன்று என் வீட்டில் என்று மூன்று இடத்தில் வைத்தாயிற்று.

புதிய பேட்டரி நவம்பரில்தான் கிடைத்தது. அதுவரை அத்தை அடாப்டரிலேயே ஓட்டினார். பேட்டரி வாங்கும்போது வடிவத்தை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. பழையதன் மேல் அச்சிட்ட மாடல் எண், வோல்ட், வாட்-மணி மூன்றும் பொருந்த வேண்டும். 2,400 ரூபாய். ஆகமொத்தம் 5,700. இயங்கத் தொடங்க இப்போது 34 விநாடி ஆகிறது.

பேட்டரியை மாட்ட நான் ஸ்ரீரங்கம் போனபோது அத்தை ஒரு கோப்பு தயாராக வைத்திருந்தார். ரசீது, நான் எடுத்த படங்களின் பிரிண்ட், சேவை மையத்துக்கு எழுதிய கடிதத்தின் நகல், பதிவுத் தபாலின் அத்தாட்சி. பதினைந்து நாள் ஆகியும் பதில் வரவில்லை. தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் எண் 1915, தமிழிலும் பேசலாம் என்றேன். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய்வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கோ சேவைக்கோ புகார் செய்யக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. "நானே கூப்பிட்டுச் சொல்லட்டுமா அத்தை?" என்றேன்.

"போனில் பேசுவதற்கு எனக்கு நீயா?" என்றபடி அத்தை எண்ணைப் போட்டார். காத்திருப்பு இசை முடிந்து மறுமுனையில் குரல் வந்ததும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். முப்பது வருடம் டிரங்க் போர்டில் பேசிய அதே குரல். ரசீது எண், தேதி, தொகை மூன்றையும் இடம் விட்டு, இலக்கம் இலக்கமாகச் சொன்னார். மறுமுனை புகார் எண்ணைச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொண்டு, "திரும்பப் படிக்கிறேன், சரிபாருங்கள்" என்றார்.